பெயர் தெரியாத கலைஞர்

பழைய மேசைக் கணினி ஒன்றை வீட்டின் இசைச் சர்வராக மாற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். லினக்ஸ் நிறுவ வேண்டும். பாடல்கள் இருக்கும் வட்டைப் பொருத்த வேண்டும். நாவிட்ரோம், ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை ஏற்ற வேண்டும். அதன்பிறகு திரையும் விசைப்பலகையும் தேவையில்லை. பெட்டி அலமாரி மூலையில் இருந்தபடியே வீட்டு வைஃபை வழியாகக் கைப்பேசிக்கும் சமையலறை ஸ்பீக்கருக்கும் பாட்டு அனுப்பும். இதற்கு வழிகாட்டும் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று அவை நின்றுவிடுகின்றன. பெண்ணிய வாசகருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஏனெனில் இந்த மென்பொருள் பாட்டை எடுத்துத் தருவதோடு நிற்பதில்லை. வட்டு முழுவதையும் படித்து ஒரு பட்டியல் தயாரிக்கிறது. எந்தப் பாட்டு யாருடையது, எது எதன்கீழ் வரும், யார் முகப்பில் நிற்பார், யார் மூன்று சொடுக்குகளுக்கு அப்பால் இருப்பார் என்பதை அந்தப் பட்டியல் முடிவு செய்கிறது. தொகைநூல்களைப் படித்துப் பாடம் நடத்துபவள் என்ற முறையில் எனக்கு இது பழக்கமான இடம். தொகுப்பவர் வைத்த ஒழுங்கும் ஒரு வாசிப்புத்தான். அதை விமர்சிக்கலாம், திருத்தியும் எழுதலாம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த கணினியைத்தான் சர்வராக்கினேன். அதற்கு வட்டு வாங்கப் போன கடையில், "சார் வரலையா மேடம்? அவர்கிட்ட சொன்னா ஈஸியா புரியும்" என்றார்கள். இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நடுத்தர வீடுகளில் உயர்தர ஒலிக்கருவி எப்படி ஆண்களின் தனி உலகமானது என்று கீர் கீட்லி 1996இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். வீடு மனைவியின் இடம், அதற்குள் கணவன் மீட்டெடுத்த தீவு அந்த இசைப்பெட்டி என்பதே அக்காலப் பத்திரிகைகள் கட்டிய கதை. 1983இல் ஸ்டீரியோஃபைல் இதழில் 'மனைவி ஒப்புதல் காரணி' என்றொரு தொடர் அச்சேறியது. ஒரு ஸ்பீக்கரின் அளவையும் அழகையும் மனைவி சகித்துக்கொள்வாரா என்பதற்கான அளவுகோல் அது. இன்றைக்கும் சர்வர் அமைப்பவர்கள் நடுவே அது நகைச்சுவையாகப் புழங்குகிறது. இந்தத் தொடரில் பெண் எதையும் கேட்பதில்லை, இயக்குவதில்லை. வரவேற்பறையில் எது இருக்கலாம் என்று தலையாட்டுபவராக மட்டும் இருக்கிறார்.

ஆனால் தமிழ் வீடுகளில் கேட்கும் வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். அடுக்களை வானொலியில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்று வரிசையாகச் சொல்வார். அரிசி களைந்துகொண்டே அதைக் கேட்ட என் அம்மாவுக்கு அந்த நான்கும் மனப்பாடம். அவர் தலைக்குள் இருந்தது ஒரு முழுமையான பட்டியல். அதோடு ஒப்பிட்டால் என் சர்வர் முதல்முறை வட்டைப் படித்துக் காட்டிய பட்டியல் பரிதாபமானது. கலைஞர் வரிசையில் மிக நீளமாக இருந்த பகுதி, 'பெயர் தெரியாத கலைஞர்' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பகுதி. அடுத்து, பாட்டை எந்தக் காலத்திலோ இணையத்தில் ஏற்றிய தளங்களின் பெயர்கள். பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இணைய முகவரி. அதற்கடுத்து இசையமைப்பாளர்கள், ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். பாடிய பெண்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

காரணம் புரிய, பாட்டுக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும். நாவிட்ரோம் கோப்புறையின் பெயரைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தச் சீட்டை மட்டுமே நம்பும். 1996இல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3 கோப்புகளுக்காக வகுத்த ஐடி3 என்ற முதல் வடிவத்தில் சீட்டின் அளவு 128 பைட். கோப்பின் கடைசியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு 1. மீதி 3 அது சீட்டு என்று அடையாளம் சொல்வதற்கு. இசைவகைக்கு அன்று 80 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. அதில் கர்னாடக இசை இல்லை, தாலாட்டு இல்லை, ஒப்பாரி இல்லை. 'எத்னிக்' என்று ஒன்று உண்டு. ரோமன் எழுத்துக்காகவே தைத்த சட்டை அது. இன்றைய யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். கே.பி.சுந்தராம்பாள் என்று எழுத 53 பைட் ஆகும். அந்த 30க்குள் அவர் அடங்கமாட்டார்.

1998இல் வந்த இரண்டாம் வடிவம் இடநெருக்கடியைத் தீர்த்தது. ஆனால் அதன் கதையில் ஒரு சிறு நிகழ்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதன்மைக் கலைஞருக்கு அடுத்ததாக, குழுவினருக்கும் உடன் வாசிப்பவர்களுக்கும் என்று அதில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நடைமுறையில் புகழ்பெற்ற மென்பொருள்கள் அந்த இடத்தை 'ஆல்பத்தின் கலைஞர்' பெயரை எழுத எடுத்துக்கொண்டன. பக்கவாத்தியத்துக்கு விட்ட திண்ணையில் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டார். யாரும் சதி செய்யவில்லை. பட்டியல் ஒழுங்காக வரவேண்டும் என்ற வசதிக்காகச் செய்தார்கள். அதிகாரம் பெரும்பாலும் வசதியின் பெயரில்தான் வருகிறது.

தமிழ்த் திரைப்பாட்டு இந்த ஏற்பாட்டுக்குள் நுழையும்போது படம் ஆல்பமாகிறது. ஆல்பத்தின் கலைஞர் இசையமைப்பாளர் ஆகிறார். விளைவு என்ன? பி.சுசீலா ஆறுக்கு மேற்பட்ட மொழிகளில் 17,695 பாடல்கள் பாடியதாக 2016இல் கின்னஸ் பதிவு செய்தது. பெண் பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, 'உயர்ந்த மனிதன்' படப் பாட்டுக்காக அதைப் பெற்றவர் அவர். என் சர்வரின் முகப்பில் அவருக்கு ஓர் ஆல்பம்கூட இல்லை. அவர் பாட்டு எல்லாம் வேறொருவரின் ஆல்பத்தில் இருந்தது. 'கருத்தம்மா'வில் பாடித் தேசிய விருது பெற்ற சுவர்ணலதா ஏ.ஆர்.ரஹ்மானின் பெயருக்குள் இருந்தார். தனியாகப் பாடியவர்களுக்கே இந்த நிலை என்றால் குழுவில் பாடியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எல்.ஆர்.ஈஸ்வரியின் தாயார் நிர்மலா திரைப்படங்களில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு ஒலிப்பதிவுக்குப் போய், கோரஸில் நின்றுதான் ஈஸ்வரியும் தொடங்கினார். மகளின் பெயரையாவது தேடி எடுக்கலாம். அம்மா எந்தெந்தப் பாட்டின் பின்னணியில் நிற்கிறார் என்று சொல்ல சீட்டில் ஓர் இடமும் இல்லை.

இசையமைப்பாளரின் பெயரால் பாட்டை அடுக்குவது தவறா என்று மாணவிகள் கேட்பார்கள். தவறில்லை. ஒரு மெட்டுக்கு ஆசிரியர் உண்டு. அந்த உழைப்பை நான் குறைக்கவில்லை. பல அடுக்குகள் சாத்தியமான இடத்தில் ஒன்றே ஒன்று இயல்பானதாக நிறுவப்படுவதுதான் கேள்வி. மெட்டுப் போட்டவர் படைப்பாளி, பாடியவர் கருவி என்ற படிநிலை, யாரும் வாதாடாமலே முகப்புத் திரையில் நிலைபெற்றுவிடுகிறது. குரலை இயற்கையாகவும் மெட்டை அறிவாகவும் பார்ப்பது பழைய பால்பாகுபாடு. மென்பொருள் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வரிசைப்படுத்தித் தருகிறது, அவ்வளவுதான்.

இந்தப் படிநிலை எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதற்கு ஒலிப்பதிவின் தொடக்கமே சாட்சி. 1902இல் கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்தபோது கௌஹர் ஜான் பாடினார். பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். மூலத்தட்டு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அச்சாக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று தெரிய வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஐடி3 சீட்டைப் போலவே அந்த அறிவிப்பும் பதிவின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. சீட்டை யாரோ எழுதுகிறார்கள். இதை அவரே சொன்னார். அழிக்க வேண்டுமென்றால் பதிவையே வெட்ட வேண்டும். இந்திய ஒலிப்பதிவின் தொடக்கத்தில் தன் குரலால் தன் பெயரைப் பதித்த ஒரு பெண் நிற்கிறார்.

தென்னிந்தியாவில் தொடக்ககால இசைத்தட்டுகளில் பாடியவர்கள் பலர் பொட்டுக்கட்டும் மரபிலிருந்து வந்த பெண்கள். இங்கே சொல் ஒன்று என்னை நிறுத்துகிறது. ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய கணினியை ஆங்கிலத்தில் 'டெடிகேட்டட் சர்வர்' என்கிறார்கள். 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தேவதாசிச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது அதே 'டெடிகேஷன்'; பொட்டுக்கட்டி அர்ப்பணிப்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. அந்த ஏற்பாட்டின் சுரண்டலை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இசையைத் தாய்வழியாகக் கைமாற்றிய ஒரு மரபு அதோடு சேர்ந்து பேசக் கூசும் பொருளாகிப்போனது. வீணை தனம்மாளிடமிருந்து மகள் ஜயம்மாளுக்கும், அவரிடமிருந்து பாலசரஸ்வதிக்கும், இன்னொரு கிளையில் பிருந்தா, முக்தா சகோதரிகளுக்கும் போன சொத்து அது. பாலசரஸ்வதி ஆடும்போது பாடியவர் அவருடைய அம்மா.

இந்த வரலாற்றின் எச்சம் முதலெழுத்துகளில் இருக்கிறது. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை. 'எஸ்' வீணைக் கலைஞரான தாயார் சண்முகவடிவு. கே.பி.சுந்தராம்பாளின் 'கே' கொடுமுடி. 'பி' தாயார் பாலாம்பாள். தந்தையும் கணவனும் குந்தியிருக்கும் இடத்தில் இவர்களுக்கு ஊரும் தாயும். என் சர்வர் சுப்புலட்சுமியை மூன்று பேராகக் காட்டியது: புள்ளி வைத்து ஒருவர், புள்ளியோடு இடைவெளியும் விட்டு ஒருவர், இரண்டும் இல்லாமல் ஒருவர். மூவரை ஒருவராக்கும்போது முதலெழுத்தை உதறிவிடுவது சுலபமான வழி. நான் அதைச் செய்யவில்லை. அந்த ஓர் எழுத்தில் ஒரு வீணைக்காரி இருக்கிறார்.

குறிப்பை வெட்டினால் என்ன போகும் என்பதற்குப் பெங்களூர் நாகரத்தினம்மாளை நினைத்துக்கொள்ளலாம். தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' நூலின் பழைய அச்சில், கவிஞர் தன்னைப் பற்றியும் தன் குடும்பத்துப் பெண்களைப் பற்றியும் சொல்லும் முன்னுரைப் பகுதி விடப்பட்டிருந்ததை நாகரத்தினம்மாள் கண்டார். மூலத்தைத் தேடி, விடுபட்டதைச் சேர்த்து 1910இல் பதிப்பித்தார். ஆங்கிலேய அரசு நூலைத் தடை செய்தது. தடை நீங்கச் சுதந்திரம் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பாடகிதான் அந்த வெட்டைக் கண்டுபிடித்தார் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. பாட்டு யாரிடமிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் இசைக்காரர்களுக்கு உண்டு. அதற்கு நம்மிடம் 'பாடாந்தரம்' என்றொரு நல்ல சொல்லே இருக்கிறது.

ஆகவே என் சர்வரில் பாடாந்தரம் என்று ஒரு புதிய புலம் சேர்த்தேன். தொழில்நுட்பம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஃப்ளாக் வடிவக் கோப்பில் நாமே பெயரிட்டுப் புதிய புலங்களை உண்டாக்கிக்கொள்ளலாம். புலத்தின் பெயர் மட்டும் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே தமிழில் எழுதலாம். கிட்3, பிக்கார்ட் போன்ற இலவசக் கருவிகள் போதும். கோரஸுக்கு ஒன்று, ஹம்மிங்குக்கு ஒன்று, உடன் பாடிய தாய்க்கு ஒன்று என்று புலங்கள் வைத்தேன். ஆல்பத்தின் கலைஞர் என்ற இடத்தில் திரைப்பாட்டுக்குப் பாடியவர் பெயரை எழுதினேன். இசையமைப்பாளருக்கென்று ஏற்கெனவே தனிப் புலம் இருக்கிறது, அவர் அங்கே பத்திரமாக இருக்கிறார். இதனால் ஒரு படம் நான்கைந்து துண்டுகளாகச் சிதறும். சிதறட்டும். படத்தின் பெயரில் தேடினால் சேர்ந்து வந்துவிடும்.

பெயர் எழுதுவதே நியாயம் என்று இதுவரை பேசினேன். என்னிடம் இருக்கும் வேறொரு பெட்டி அதை அவ்வளவு எளிதாக விடவில்லை. ஆய்வுக் காலத்தில் காவிரிப் படுகை ஊர்களில் பதிவு செய்த நடவுப் பாட்டு, ஒப்பாரிக் கேசட்டுகள் அவை. ஆடாசிட்டி மென்பொருளில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினிக்கு மாற்றினேன். கேசட் ஒலிக்கும் நேரம் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை இது, குறுக்குவழி இல்லை. பாடியவர்களின் பெயர் எல்லாம் களக் குறிப்பேட்டில் இருக்கிறது. நடவுப் பாட்டுப் பாடிய ஒருவர், "எம் பேர கொட்ட எழுத்துல எழுதிக்கம்மா, இன்னாரு பொண்டாட்டின்னு எழுதிறாத" என்றார். ஒப்பாரி பாடிய இன்னொருவர், "பேரெல்லாம் போடாதீங்கம்மா, சாவு வீட்டுப் பாட்டு பேரோட ஒட்டிக்கக் கூடாது" என்றார். சர்வர் இருவரையும் ஒரே கட்டத்தில், பெயர் தெரியாத கலைஞர் என்று வைத்திருந்தது. முதலாமவருக்கு அது அநீதி. இரண்டாமவருக்கு அது பொய். அவர் பெயர் எனக்குத் தெரியும். அவர் அதைத் தர மறுத்தார். தெரியாமைக்கும் மறுப்புக்கும் உள்ள தூரத்தை அந்தக் கட்டம் அறியாது.

இங்கே எனக்கு உதவியவர்கள் சங்கத் தொகைகளின் தொகுப்பாளர்கள். பெயர் கிடைக்காத புலவரை அவர்கள் வெற்றிடமாக விடவில்லை. பாட்டிலுள்ள ஒரு தொடரையே பெயராக்கினார்கள். செம்புலப் பெயனீரார் அப்படி வந்த பெயர். காக்கையைப் பாடிய நச்செள்ளையார், காக்கைபாடினியார் ஆனார். அகப்பாட்டுக்குள் இருப்பவர்களைப் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பாடியவருக்கோ பெயர் தரப்படுகிறது. மறைப்பதும் சுட்டுவதும் இரண்டு வேறு அறங்கள் என்று அந்த மரபு தெரிந்துவைத்திருந்தது. அது குறையற்ற மரபும் அல்ல. 'ஆர்' விகுதியின் மரியாதைக்குள் பால் மறைந்துபோவதால், பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்று இன்றைக்கும் ஆளுக்கொரு எண் சொல்கிறோம்.

நடவுப் பாட்டுக்காரரின் பெயரை அவர் கேட்டபடி முழுதாக எழுதினேன், கணவன் பெயர் இல்லாமல். ஒப்பாரி பாடியவருக்கு, அவர் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ஓர் உவமையை எடுத்துப் பெயராக வைத்தேன். அது எது என்று இங்கே எழுதப்போவதில்லை. குறிப்புப் புலத்தில் 'பெயர் வேண்டாம் என்றார்' என்று பதிந்திருக்கிறேன்.

வாடகைக்குப் பாட்டுக் கேட்கும் செயலிகளில் இது எதுவும் நடக்காது. அங்கே பட்டியல் வேறொருவருடையது. நாம் பார்க்கலாம், திருத்த முடியாது. வீட்டுச் சர்வருக்காக நான் வாதாடுவதன் காரணம் ஒலித்தரம் அல்ல, இந்தத் திருத்தும் உரிமை. செலவும் பயமுறுத்தும் அளவில் இல்லை. சும்மா ஓடும்போது 50 வாட் எடுக்கும் பழைய கணினி, நாள் முழுவதும் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாத மின்கணக்கில் 72 யூனிட். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி 5 வாட்டில் ஓடினால் அது 7 யூனிட்டுக்குச் சற்று மேல்.

சர்வர் இல்லாத மாணவிகளும் இந்த வாசிப்பைத் தொடங்கலாம். உங்கள் கைப்பேசியில் சேமித்துவைத்திருக்கும் பாட்டுகளில் பத்தை எடுத்து அவற்றின் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாடியவர் பெயர் எங்கே இருக்கிறது? எழுதியவர் பெயர்? அந்த இடத்தில் வேறு யார் இருக்கிறார்? தெரிந்ததைத் திருத்துங்கள். தெரியாததை அம்மாவிடமும் அத்தையிடமும் கேளுங்கள். வானொலிக் காலத்துப் பட்டியல் இன்னும் அவர்களிடம் இருக்கிறது. திருத்தும்போது செயலிக்குள் மட்டும் மாற்றாமல் கோப்பின் சீட்டிலேயே எழுதுங்கள். செயலி மாறும், கணினி பழுதாகும். கோப்பை யாராவது நகலெடுத்துக்கொண்டு போவார்கள். அப்போது பாடியவரின் பெயரும் கூடப் போகும்.